ஜாமீன் கையெழுத்து

என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. கிடங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடுப்பு விண்ணப்பம், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம், எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன். கழுவுகிற அக்கறை படிப்பதிலும் இருந்திருந்தால் இன்று உங்கள் எதிரே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் சிக்கன நாணயச் சங்கத்தை நாங்கள் சொசைட்டி என்போம். கேன்டீனை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு கம்பி ஜன்னல், அதற்குப் பின்னால் செயலாளர் அம்மா. மாதாமாதம் சம்பளத்தில் ஒரு தொகையைச் சேமிப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வருடம் விடாமல் பிடித்தார்கள். கடன் வேண்டுமென்றால் இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் நிற்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவனுக்கு நின்ற இருவரில் ஒருவர் ஓய்வு பெற்றுக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் நான்.

அவனை நாங்கள் ‘அடுத்தமாசம்’ என்றுதான் கூப்பிடுவோம். பெட்டி ஏற்றி இறக்குகிற ஆள். டீக்காசு கேட்டாலும் அடுத்த மாசம், கடன் கேட்டாலும் அடுத்த மாசம். சிரித்துக்கொண்டே சொல்வான். கூரை ஒழுகுகிறது என்று கடன் வாங்கினான். பத்து நாளில் புது பைக்கில் வந்து இறங்கினான். "கூரையை எங்கடா நிறுத்திட்டு வந்தே?" என்று கேன்டீனில் கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவன் கிடங்கின் நிரந்தர வேலையை விட்டு, அங்கேயே பெட்டி ஏற்ற ஆள் விடும் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்துகொண்டான். சம்பளம் கைக்கு வந்தது, பிடித்தம் நின்றது. அவனே ஜன்னலுக்குப் போய்க் கட்ட வேண்டும். ஒன்பது மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அதுவும் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் எங்கள் தெரு முனையில் ஒரு கடை காலியானது. என் மனைவி பதினைந்து வருடமாகப் படுக்கையறை ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைக்கிறாள். நூலும் வெட்டுத் துணியும் சாப்பாட்டுத் தட்டுவரை வரும். கடையின் சொந்தக்காரர் மாதக் கடைசிவரை முன்பணத்துக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். அவள் எதுவும் கேட்கவில்லை. கடை வாசலை மட்டும் அடி ஸ்கேலால் அளந்துவிட்டு வந்தாள். நான் நேரே சொசைட்டிக்குப் போனேன்.

"உங்க காசு உங்களோடதுதாண்ணே, யார் இல்லேன்னாங்க?" என்றார் செயலாளர் அம்மா. "ஆனா நீங்க ஜாமீன் நின்னவர் பாக்கி வச்சிருக்காரே. அவர் கட்டுற வரைக்கும் கடனும் தர முடியாது, சேமிப்பையும் எடுக்க முடியாது."

"நான் ஒரு தவணைகூட பாக்கி வைக்கலையேம்மா."

"அது எனக்குத் தெரியாதா? விதி அப்படி இருக்கு."

ஐந்து முறை போனேன். ஐந்து முறையும் அதே பதில். அவர் குரல்கூட மாறவில்லை. என் சொந்தக் காசு கம்பிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல். அவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். பாக்கெட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினான்.

"கோவப்படாதண்ணே. அண்ணிக்குக் கடை வைக்காம விட்டுருவனா? அடுத்த மாசம் மொத்தமா அடைச்சிடுறேன்."

பிஸ்கட்டை வாங்கித் தின்றேன், ஐயா. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

அன்று வீட்டில், உறுப்பினராகச் சேர்ந்தபோது கொடுத்த நீலப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். விதி இருபத்திரண்டு. உறுப்பினர் இறந்துவிட்டால் நிலுவைக் கடன் நிவாரண நிதியிலிருந்து அடைக்கப்படும், ஜாமீன்தாரர்கள் விடுவிக்கப்படுவார்கள். மூன்று முறை படித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காகிதத்தை ஒழுங்காகப் படித்தேன் என்ற திருப்தி இருந்தது.

மூன்றாம் நம்பர் அறைக்கு உள்ளிருந்து தள்ளித் திறக்கும் கைப்பிடி உடைந்திருந்தது. மைனஸ் பதினெட்டு டிகிரி அறை. உடைந்த அன்றே பதிவேட்டில் எழுதி, கதவில் சிவப்பு அட்டை தொங்கவிட்டது நான்தான். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. புதுக் கைப்பிடி செவ்வாய்க்கிழமை வந்தது. அதை மேசை டிராயரில் வைத்தேன். சிவப்பு அட்டையைக் கழற்றினேன். பதிவேட்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் செய்தது இவ்வளவுதான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. எல்லோரும் கிளம்பிய பிறகு அவனைக் கூப்பிட்டேன். "மூணாம் நம்பர்ல பெட்டியை எண்ணிட்டு வாடா. ஓவர்டைம் எழுதித் தர்றேன். அதையாவது கொண்டுபோய் சொசைட்டில கட்டு."

"சரிண்ணே. நீ சொல்லி என்னிக்குத் தட்டியிருக்கேன்?" என்றான். குளிர்சட்டை போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து நிமிட வேலைக்கு எதற்கு என்று நினைத்திருப்பான். அந்தக் கதவு தானாகவே மூடிக்கொள்ளும், நல்ல கதவு.

கம்ப்ரசர் ஓடும்போது ஒன்றும் கேட்காது. நிற்கும்போது கேட்டது. முதலில் விளையாட்டாகத் தட்டினான். "அண்ணே, மாட்டிக்கிட்டேன், வந்து திற" என்றான். அப்புறம் அண்ணே என்று மட்டும் கேட்டது. நான் டிபன் பாத்திரத்தைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து புதுக் கைப்பிடியை மாட்டினேன். இருபது நிமிடம் ஆனது. கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், அதனால் தோளைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. ஓவர்டைம் சீட்டையும் எழுதினேன். எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியாததால் ஒரு மணி நேரம் மட்டும் போட்டேன். கணக்கில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

திங்கட்கிழமை, எண்ணச் சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன் என்று சொன்னேன். கைப்பிடி நன்றாகத்தான் இருந்தது. உள்ளேயே மயங்கி விழுந்திருப்பான் என்று கிடங்கில் எல்லோரும் அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். மாலைக்குக் காசு வசூலித்ததும் நான்தான். என் பங்கைக் கூடுதலாகவே போட்டேன்.

புதன்கிழமை சொசைட்டிக்குப் போனேன். மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"நிவாரண நிதி அவருக்குக் கிடையாதுண்ணே" என்றார் செயலாளர் அம்மா. "போன பொதுக்குழுல விதியைத் திருத்தினோமே. ஆறு தவணைக்கு மேல பாக்கி இருந்தா நிதி கிடையாது, ஜாமீன்தாரர் சேமிப்புல கழிச்சுக்கலாம்னு."

"யாரைக் கேட்டுத் திருத்தினீங்க?"

அவர் தீர்மானப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். வழிமொழிந்தவர் என்று போட்டு, அதற்குக் கீழே என் கையெழுத்து. முத்து முத்தாக இருந்தது. அன்று சாப்பாட்டு டோக்கனுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கையெழுத்து நல்லா போடுவீங்களே, வாங்க என்று கூப்பிட்டார்கள். கையைக் கழுவிவிட்டு வந்து போட்டேன். என்ன தீர்மானம் என்று கேட்கவில்லை. ஜாமீன் பத்திரத்திலும் அப்படித்தான் போட்டேன்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "அப்ப நான் பண்ணினதெல்லாம் வீணா?" என்றேன்.

"என்னண்ணே பண்ணினீங்க?" என்றார் அவர். முதல்முறையாக அவர் குரல் மாறியது. மற்றது உங்களுக்குத் தெரியும். உடைந்த பழைய கைப்பிடியும் புதியது வந்த அட்டைப்பெட்டியும் என் டிராயரில்தான் இருந்தன.

நேற்று மனைவி வந்தாள். கடை வேறொருவருக்குப் போய்விட்டதாம். "கடை இல்லேன்னா என்ன? வீட்டுலயே தைச்சிருப்பேனே" என்று அழுதாள். அவளுக்காகத்தான் எல்லாம் என்பது அவளுக்குப் புரியவில்லை. பெண்களுக்கு விதிகளெல்லாம் புரிவதில்லை.

நீங்கள் எழுதியதை வரி வரியாகப் படித்துவிட்டேன், ஐயா. எல்லாம் சரியாக இருக்கிறது. பேனாவைக் கொடுங்கள், போட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஒரு மூன்று தவணை, மூன்றே மூன்று தவணை கட்டியிருந்தானென்றால், அவன் சாவு ஒரு குடும்பத்துக்காவது உதவியிருக்கும்.