சந்தியிலை தொங்கிற மரம்

இல்லைத் தம்பி, பாலி இல்லை. ஜாவா. பாலிக்குத்தான் இஞ்சை ஜெர்மனியிலையிருந்து எல்லாரும் போறது, கடலிலை குளிக்கிறதுக்கு. நான் போற இடத்திலை கடலும் இல்லை. ஜகார்த்தாவிலை இறங்கி, வேறை பிளேன் எடுத்து சோலோ எண்டொரு ரவுணுக்குப் போய், பிறகு பஸ். பஸ்ஸும் சந்தியோடை நிண்டிடும். அங்காலை நடைதான்.

பாக்கிறதுக்கு அங்கை ஒண்டும் இல்லை. வயல், வாய்க்கால், ஒரு பள்ளிவாசல், அங்காலை சின்னச் சேர்ச் ஒண்டு. தாரா எக்கச்சக்கம். வாகனச் சத்தம் கேட்டா ஆர் வந்தது எண்டு ஊரே எட்டிப் பாக்கும். அப்பிடியொரு ஊர். என்ரை மனுசியின்ரை ஊர்.

ஓம், ஜாவாக்காரிதான். இமெல்டா எண்டு பேர். கலியாணம் எண்டு ரெலிபோனிலை சொல்லேக்கை, அம்மா பேரைக் கேட்டிட்டு, எங்கட பாசையூர்ச் சேர்ச்சடிப் பிள்ளையோ, ஆற்றை மகள் எண்டு கேட்டவ. வேதக்காரப் பிள்ளை எண்டாலும் தமிழ்தானே எண்டு மனசைத் தேத்தி வைச்சிருந்திருக்கிறா. படம் போய்ச் சேந்தாப் பிறகு ஒரு மாசம் என்னோடை கதைக்கேல்லை. பிறகு சரியாப் போச்சு.

நான் இருக்கிற ஹம் ரவுணிலைதான் சந்திச்சது. வயசுபோன ஆக்களைப் பாக்கிற இல்லம். அவ மேலை பராமரிப்பு, நான் கீழை குசினி. நீங்கள் மியூனிக்குக்குப் போறியளோ? கம்பியூட்டர் வேலையோ? நினைச்சனான். நீங்கள் டோர்ட்முண்டிலை ரெயின் ஏறேக்கை போனிலை கதைச்ச தமிழைக் கேட்டிட்டுத்தான் பக்கத்திலை வந்து இருந்தனான். குறை நினைக்காதையுங்கோ. கனநாளா ஆரோடையும் கதைக்கேல்லை.

என்ன அலுவலோ? காணி அலுவல். அங்கை இமெல்டாவுக்கு ஒரு வளவும், ரெண்டு துண்டு வயலும் இருக்கு. தாய் தகப்பன் விட்டது. இந்தப் பயணத்தோடை அது எங்கட கையை விட்டுப் போகுது. அதுக்குத்தான் போறன்.

விக்கிறது எண்டு சொல்ல ஏலாது. சொல்லுறன், நேரம் கிடக்குத்தானே. ஏர்போட் கடைசியாத்தானே வரும்.

அந்த நாட்டுச் சட்டம், வெளிநாட்டுக்காரன் காணி வைச்சிருக்க ஏலாது. அதாலை கலியாணத்துக்கு முதலே, உன்ரை காணி உன்ரை, எனக்கு அதிலை பங்கில்லை எண்டு எழுதிக் குடுத்தனான். எனக்குச் சிரிப்பு. சீதனம் வாங்கிற ஊரிலை பிறந்தவன், சீதனம் வேண்டாம் எண்டு கையெழுத்து வைக்கிறன். எண்டாலும் மனசுக்குள்ளை அது எங்கட காணிதான். என்ரை சொந்தக் காணி யாழ்ப்பாணத்திலை, மயிலிட்டியிலை. தொண்ணூறிலை வெளிக்கிட்டது. இப்ப ஆமி நிக்குது, எட்டிப் பாக்கவும் விடாங்கள். அப்ப வேலை முடிஞ்சு பென்ஷன் வந்தவுடனை ஜாவாவிலை போய் இருப்பம் எண்டு பிளான். அந்த வளவிலை இருக்கிறது தேக்குமர வீடு. கழட்டி வேறை காணியிலை கொண்டுபோய்ப் பூட்டலாம், அப்பிடிச் செய்திருக்கு. அங்கை வீட்டை மட்டும் விக்கிற ஆக்களும் இருக்கினம். வீடு போகும், காணி நிக்கும்.

முதல் முறை போகேக்கை நான் கேட்டது என்ன தெரியுமோ? எல்லைக்கல் எங்கை எண்டு. தெரியும்தானே எங்கட ஆக்களை. ஒரு முழம் வேலி தள்ளிப் போட்டாக் கோட்டு, வழக்கு, பிறகு செத்தவீட்டுக்கும் போறதில்லை. அங்கை வேலியே இல்லை. வயலுக்குப் போறவன், குளிக்கப் போறவள், தாரா, ஆடு, எல்லாம் எங்கட வளவுக்குள்ளாலைதான் போகும். போகேக்கை மொங்கோ எண்டு சொல்லுவினம். மொங்கோ எண்டால் போறன் எண்டும் சொல்லலாம், வாங்கோ எண்டும் சொல்லலாம், எல்லாத்துக்கும் அதுதான். எனக்குப் பொறுக்கேல்லை. கட்டை அடிச்சுக் கயிறு கட்டினன். அடுத்தநாள் பாத்தா அந்தக் கயிறு முழுக்கச் சாரமும் சட்டையும் காயுது. ஒருத்தரும் கோவிக்கேல்லை. உடுப்புக் காயப்போட நல்ல வசதி செய்து தந்திருக்கிறார் எண்டு பக்கத்து வளவு வகியோ வந்து வாழைப்பழம் தந்திட்டுப் போறான். இமெல்டா விழுந்து விழுந்து சிரிச்சவ.

வகியோதான் எங்கட வயலும் செய்யிறது. விளையிறதிலை பாதி அவனுக்கு. எங்கட பாதியையும் இமெல்டா வாங்கிறதில்லை, சேர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் பிரிச்சுக் குடுங்கோ எண்டு விட்டிடுவா.

எசன் ஸ்ரேசனோ இது? இன்னும் கிடக்கு.

ஒரு பகிடி சொல்லுறன். அந்தச் சந்தியிலை ஒரு கொட்டில். காவலுக்கு இருக்கிற ஆக்கள் இருக்கிறதுக்கு. அதிலை ஒரு மரக்குத்தி தொங்குது, என்ரை நெஞ்சளவு உயரம், உள்ளுக்குக் குடைஞ்சு நீளத்துக்கு ஒரு வெட்டு. பக்கத்திலை ஒரு தடி. ஒருநாள் மழைக்கு அதுக்கை ஒதுங்கினன். சும்மா நிக்கேக்கை கை சும்மா இருக்குமோ? தடியை எடுத்துத் தட்டினன். நல்ல சத்தம், எங்கட கோயில் மணி மாதிரி இல்லை, அடி வயித்திலை கேக்கும். நல்லாயிருக்கு எண்டு ஆறுதலா, விட்டு விட்டு அடிச்சுக்கொண்டு நிண்டன்.

கொஞ்ச நேரத்திலை பாத்தா வயலுக்குள்ளாலை ஆக்கள் ஓடி வருகினம். கால் முழுக்கச் சேறு. பொம்பிளையள் பேசினிலை அரிசி, ஒருத்தி தேயிலை, சீனி, இன்னொருத்தன் தோளிலை பாய். நான் நினைச்சன் ஏதோ கொண்டாட்டம் எண்டு.

பிறகுதான் தெரியும். களவெண்டா ஒரு விதமான அடி, நெருப்பெண்டா வேறை விதம். ஆறுதலா விட்டு விட்டு அடிச்சா ஊரிலை ஆரோ செத்திட்டினம். கேட்டவன் கையிலை இருக்கிற வேலையைப் போட்டிட்டு அந்த வீட்டுக்குப் போகவேணும். ஆர் செத்தது, சொந்தமோ பகையோ எண்டெல்லாம் யோசிக்கிறதில்லை. கிடங்கு வெட்டிறது ஒரு கூட்டம், சமைக்கிறது ஒரு கூட்டம். செத்த வீட்டுக்காரர் சும்மா இருந்து அழுதாக் காணும்.

வகியோ வந்து மூச்சு வாங்க வாங்க என்னைக் கேக்கிறான். எனக்கு மொங்கோவை விட வேறை என்ன தெரியும்? அதைச் சொன்னன். அப்பதான் இமெல்டா வெறுங்காலோடை ஓடி வந்தவ. தடி இன்னும் என்ரை கையிலை. ஆர் செத்தது எண்டு எல்லாரும் அவவைக் கேக்கினம். அவ என்னை ஒருக்கால் மேலையும் கீழையும் பாத்திட்டு, என்ரை மனுசன்ரை மூளை எண்டு சொன்னவ.

அந்தச் சிரிப்பு. கிழவன் ஒருத்தன் சேத்துக்கை இருந்திட்டான். கொண்டு வந்த அரிசியைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம். எங்கட வளவிலையே அடுப்பு மூட்டிச் சமைச்சுச் சாப்பிட்டிட்டுத்தான் போனவை.

இமெல்டாவோ? இல்லை, முன்னுக்குப் போகேல்லை. இதிலை நான் தனியத்தான்.

அவ பெப்ரவரியிலை செத்துப்போனா, தம்பி. வேலையாலை வந்து சப்பாத்தைக் கழட்டேக்கை தலை இடிக்குது எண்டு சொன்னவ. அவ்வளவுதான். ஒரு சப்பாத்து காலிலையே இருந்தது. பரவாயில்லை, நீங்கள் என்ன செய்யிறது. ஹம்மிலைதான் தாட்டது. அந்த இடமும் குத்தகைதான். தவணை முடிஞ்சா வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம். இஞ்சத்தை முறை அப்பிடி.

ஊரிலை இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. வகியோ ரெலிபோன் எடுப்பான், இமெல்டா எண்டு கேப்பான், நான் வேலை எண்டு சொல்லுவன். அவங்கட பாசையிலை அந்தச் சொல்லு எனக்குத் தெரியும். மகள் சாரங்கா கடிதம் எழுதுவம், ஆரையும் பிடிச்சு மொழிபெயர்ப்பம் எண்டவள். நான் விடேல்லை. அவளுக்கும் ஜெர்மன் பாஸ்போட். இமெல்டா செத்தது தெரிஞ்சா ஒரு வருசத்துக்குள்ளை காணியை அந்த நாட்டு ஆள் ஒருத்தருக்கு மாத்தவேணும், இல்லாட்டி அரசாங்கம் எடுத்திடும். தெரியாத வரைக்கும் காணி இமெல்டாவின்ரை. காணி அவவின்ரை எண்டால் அவ எங்கையோ வேலைக்குப் போயிருக்கிற மாதிரித்தான். ஹம்மிலை தனிய இருக்கேக்கை அது சரியாத்தான் கிடந்தது.

வகியோவுக்குத்தான் குடுக்கிறது. வளவுக்குள்ளை கிடக்கிற பாதை அவன்ரை கால் போட்டது. நான் கயிறு கட்டியும் மாறேல்லை.

ஏர்போட் வந்திட்டுது போலை. பெட்டியை விடுங்கோ தம்பி, சில்லு இருக்கு, இழுத்துக்கொண்டு போவன். உங்கட வாசல் மற்றப் பக்கம்.

ஊருக்கு எப்பிடிச் சொல்லுறதோ? பாசை தேவையில்லைத்தானே. பஸ்ஸாலை இறங்கினவுடனை சந்தி. அந்த மரம் அதிலைதான் தொங்குது. ஆறுதலா, விட்டு விட்டு அடிச்சாச் சரி. விசரன் திரும்ப வந்திட்டான் எண்டு நினைப்பினம், எண்டாலும் வருவினம். அரிசியோடைதான் வருவினம். வந்து, ஆர் எண்டு கேப்பினம்.

அண்டைக்கு அதுக்கு மறுமொழி சொல்ல அவ நிண்டவ.