வண்டியில் ஏறாத குரல்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, லிஃப்ட் கம்பெனித் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

உள்ளே நுழையும்போது ஒருவர் என்னிடம் கேட்டார்: "என்ன சார், பாட்டுக் குழு வேன்லதான வரும்? ஏன் எல்லாரும் நடந்து வந்தீங்க?" நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் நிற்கிறேன். ஆனால் பாடத்தை நடுவில் தொடங்கினால் யாருக்கும் புரியாது. நாற்பது வருடம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன், முதலிலிருந்து வருவோம்.

யார் நம் அரைக்கட்டை அண்ணன்? தொழிலால் லிஃப்ட் மெக்கானிக். குரலால் எங்கள் குழுவின் அடித்தளம். நாமெல்லாம் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று சுருதி வைத்துப் பாடினால், அவர் அதற்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்வார்; அவருக்காக நாங்களும் சுருதியை இறக்கிக்கொள்வோம். அதனால்தான் அந்தப் பெயர். ஊர் ஊராகப் போய், நெடுநாள் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு வார்டிலேயே நின்று பாடுவது எங்கள் வேலை. குழுவைத் தொடங்கியவர் அவர். வேன் ஓட்டியவர் அவர். ஒரு மருத்துவமனையில் தரைத்தள வார்டில் பாட்டு; லிஃப்ட் நின்றுபோய், மேல்மாடி நோயாளிகள் கேட்கக் கீழே வர முடியவில்லை. அண்ணன் என்ன செய்தார்? லிஃப்ட் குழிக்குள் இறங்கினார். நாங்கள் மேலே பாட, தன் பங்கைக் குழிக்குள்ளிருந்தே பாடிக்கொண்டு ரிப்பேர் பார்த்தார்! தரைக்கு அடியிலிருந்து குரல் வருவதைக் கேட்டு ஒரு பெரியவர் கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டார். "பயப்படாதீங்க, நம்ம மெக்கானிக்குதான்" என்று நர்ஸ் அக்கா அவரை இறக்கினார்.

அந்த நர்ஸ் அக்காவும் எங்கள் குழுதான். நாங்கள் ஏழு பேர். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழியில் எங்கே நிறுத்தினாலும், கிளம்பும் முன் தலையை எண்ண மாட்டோம், குரலை எண்ணுவோம். ஆளுக்கு ஒரு ஸ்வரம். அண்ணன் ச. வெல்டர் ரி. நர்ஸ் அக்கா க. தச்சர் ம. நான் ப. தபால்காரர் த. கடைசி இருக்கையில் தையல்காரத் தம்பி நி. நி கேட்டால் வண்டி நகரும்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுப்போமே, அது மாதிரி. ஆனால் ஆசிரியர்களுக்குத் தெரியும், வராத பையனுக்காக வேறொருவன் "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பான்.

ஒரு நீண்ட பயணம். மலைப்பாதை. நண்பகலிலேயே பனிமூட்டம். மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் கண்ணாடி துடைக்க நிறுத்தினோம். இறங்கினோம், ஏறினோம். அண்ணன் ச எடுத்தார். வரிசையாகப் போய் நி வரை வந்தது. வண்டி நகர வேண்டும். நகரவில்லை. அண்ணனின் கை கியரிலேயே இருந்தது.

"யாரு நி பாடினது?"

"என்னண்ணே கேள்வி? நம்ம டெய்லர்தான்" என்றார் வெல்டர்.

"அவன் நி எப்பவும் கொஞ்சம் தொங்கும். ரெண்டு ஊசி குத்தித் தூக்கிக் கட்டுடான்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்! இது சுத்தமா இருந்துச்சு."

திரும்பிப் பார்த்தோம். கடைசி இருக்கையில் தம்பியின் சால்வை இருந்தது. தம்பி இல்லை.

பங்குக்குப் பின்னால் இருந்த குட்டைச் சுவரைத் தாண்டிச் சரிவில் விழுந்து, ஒரு புதரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கினார். மூச்சு திரும்பியதும் தம்பி சொன்னது இதுதான்: "நீங்க பாடினதெல்லாம் எனக்குக் கேட்டுச்சுண்ணே. கத்த மூச்சு வரல. அப்புறம் என் குரல் வேனுக்குள்ளேருந்து வந்துச்சு. சரி, கெளம்பிடுவாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டேன்."

அன்பர்களே, அந்தக் குரல் யாருடையது? எனக்குத் தெரியாது. அண்ணனும் தெரிந்ததாகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவர் ஸ்வரம் முடிந்ததும் இறங்கிவந்து, பின்கதவைத் திறந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுத்தார். யாராவது வராவிட்டால் பக்கத்து ஆள் இரண்டு ஸ்வரமும் பாட வேண்டும் என்றார். நர்ஸ் அக்கா தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, தச்சர் ஒரு நாள் அதை மறந்துவிட்டார். ரி முடிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. காலி இருக்கையிலிருந்து க வந்தது. அக்காவின் குரல், அதே குழைவு. அண்ணன் திரும்பாமலேயே, "அக்கா இன்னைக்கு லீவு. முதல்லேருந்து பாடுவோம்" என்றார். வேறு பிரிவுப் பையன் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தால் நாம் சொல்வோமே, அந்த நிதானத்தில்!

பிறகு டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்.

"அதைக் கெட்டதுன்னு நான் சொல்லல சார். பாட ஆசைப்படுது. பாடட்டும். ஆனா நம்ம ஆளை விட்டுட்டுப் போக வைக்குது பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. காலியா விட்டா உக்காந்துக்கும். நாம விடக்கூடாது."

அப்படிப்பட்டவர் போன வாரம் காய்ச்சலோடு படுத்தார். எழுந்திருக்கவில்லை. யாரை நோவது?

இன்று காலை, அண்ணியையும் ஏற்றிக்கொண்டு இங்கே வருவதற்காக வேனில் ஏறினோம். ஓட்டுநர் இருக்கையில் வெல்டர். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் ஸ்வரம் அண்ணனுடையது. அதை யார் எடுப்பது? அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் காலுக்குக் கீழே, தரைத் தகட்டிலிருந்து, ச வந்தது.

அவரேதான்! தொடங்கும் முன் தொண்டையைக் கனைப்பாரே, அந்தக் கனைப்போடு. பயந்தோமா? இல்லை அன்பர்களே, மகிழ்ந்தோம்! வெல்டர் அழுதுகொண்டே ரி பாடினார். க வந்தது. ம வந்தது. நான் ப பாடினேன். என் குரல் அவ்வளவு நன்றாக என்றுமே நின்றதில்லை. த முடிந்தது. தையல்காரத் தம்பி வாயைத் திறந்தார்.

"பாடாத" என்றார் அண்ணி.

தம்பி வாயை மூடிக்கொண்டார்.

"அவரை நான்தான் வழியனுப்பி வெச்சேன். கண்ணை மூடினது இந்தக் கை. அவர் இந்த வண்டில ஏறல. எல்லாரும் இறங்குங்க."

"அண்ணி, ஒரே ஒரு தடவை கேட்டுக்கறோமே. சும்மா கேக்க மட்டும்" என்று வெல்டர் கெஞ்சினார்.

"கேட்டா போதும்னு தோணிடும்டா. அப்புறம் அவரையே மறந்துடுவீங்க. எறங்கு!"

இறங்கினோம். கதவைச் சாத்தினோம். சாவி வெல்டர் கையில். வெறும் வேனுக்குள்ளிருந்து நி கேட்டது. சுத்தமான நி. நாங்கள் அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தே வந்தோம்.

கண்காணிப்பாளர் அவர்கள் சற்றுமுன் மெதுவாகக் கேட்டார், அடுத்த வாரப் பயணம் உண்டா, வார்டில் எதிர்பார்க்கிறார்கள் என்று. உண்டா? அந்த வேனில் இனி ஏறுவோமா? அண்ணன் இல்லாமல் இந்தக் குழு உண்டா? வரும் வழியெல்லாம் அதைத்தான் பேசினோம். "நம்மால முடியாது, கலைச்சிடலாம்" என்று தச்சர் சொன்னார். நானும் வாய் மூடிக்கொண்டுதான் நடந்தேன். சம்மதம் என்றுதானே அதற்கு அர்த்தம்?

வாசலில் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நான் பாடறேன் சார். ச நான் எடுக்கறேன். ஆனா அவ்வளவு கீழ எனக்குப் போகாது. என் தொண்டை மேலதான் நிக்கும்."

பாட்டே கற்றுக்கொள்ளாத அம்மா. புருஷனைப் பறிகொடுத்து ஒரு வாரம் ஆகவில்லை. அவர் இடத்தைக் காலியாக விட மாட்டேன் என்கிறார். இதற்கு மேல் எங்களுக்கு என்ன வேண்டும்?

ஆகவே, உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்கிறோம். அடுத்த வாரம் பயணம் உண்டு, அதே வேனில். அதற்கு அடுத்ததும் உண்டு. அரைக்கட்டை அண்ணன் போன வார்டுகளுக்கெல்லாம் போவோம். அவருக்காக இத்தனை காலம் கீழே இறக்கி வைத்திருந்த சுருதியை இன்றோடு விடுகிறோம். அண்ணியின் தொண்டை எங்கே நிற்கிறதோ, ஆறு பேரும் அங்கே ஏறி வருவோம். என் ப உடையும். உடையட்டும். தம்பியின் நி இன்னும் தொங்கும். தொங்கட்டும்.

மௌன அஞ்சலி வேண்டாம் என்று நூலகர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். இன்று மௌனத்தைக் காலியாக விட எங்களுக்கு மனமில்லை. பாடப் போகிறோம். இந்தச் சுருதியில் எங்களை இதுவரை யாருமே கேட்டதில்லை. நீங்கள்தான் முதல்.

அண்ணி, எழுந்து வாங்க. நீங்க ஆரம்பிங்க.