சூடாகாத கைக்கணினி

சாலிடர் வைத்த இடத்தை வாயால் ஊதி ஆற்றக் கூடாது. அவசரப்பட்டு ஊதினால் ஈயம் சரியாகப் பிடிக்காது. பிடித்த மாதிரி இருக்கும், ஒரு நாள் விட்டுவிடும். என் கடையில் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

அன்றைக்கு நான் ஊதினேன். அவள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

"மேலதான்மா இருக்காரு, போங்க" என்று கீழே பழக்கடைக்காரர் சொன்னது காதில் விழுந்தது. எங்கள் படி இரும்புப் படி. யார் ஏறினாலும் என் மேஜை வரை அதிரும். போர்டை உறைக்குள் வைத்தேன். பின்மூடியை வைத்தேன். மூடி ஓர் ஓரத்தில் உட்காராமல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூக்களை முடுக்கினேன். கடைசி ஸ்க்ரூ இறங்கியதற்கும் அவள் கதவைத் தட்டியதற்கும் சரியாக இருந்தது.

"வாம்மா" என்றேன். "இப்பத்தான் துடைச்சு வச்சேன்."

அந்தக் கருவியைக் கடைசியாகத் திறந்தது யார் என்று நீங்கள் கேட்டீர்களே இன்ஸ்பெக்டர் மேடம், அதற்கு இதுதான் பதில். நேற்று வேறு மாதிரி சொல்லிவிட்டேன். அதை அடித்துவிடுங்கள்.

என் பெயர் உங்களிடம் இருக்கிறது. ஆனால் வெளியே அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'சல்லடை' என்றால் தெரியும். பகலில் லேப்டாப் ரிப்பேர், மற்ற நேரத்தில் வீடியோ சேனல். பொருளைச் செய்வதற்கு முன்பே ஜனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, செய்து அனுப்புகிறோம் என்று சொல்கிற கிரவுட் ஃபண்டிங் வியாபாரம் இருக்கிறதே, அதில் நடக்கிற பித்தலாட்டங்களைச் சலித்துக் காட்டுவேன். காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பாட்டில். சுவரில் சினிமா காட்டும் மோதிரம். எல்லாம் அனிமேஷன் படத்தோடு சரி, பொருள் வராது. வராது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருப்பேன். ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. எதையும் நம்பாதவனை நம்புவதில் ஜனங்களுக்கு ஒரு தனி சுகம் இருக்கிறது.

அவள் செய்தது கையில் பிடித்து விளையாடுகிற கம்ப்யூட்டர். மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற பெரிய கேம்கள் எல்லாம் அதிலும் ஓடும். அளவு ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு பக்கமும் பொத்தான்கள். பெரிய கம்பெனிகளே விசிறிச் சத்தமும் கைச்சூடுமாகத் திணறுகிற இடம் அது. வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு தனி ஆளாக ஒரு பெண், என் கருவி சூடாகாது என்கிறாள். படங்களைப் பார்த்தேன். காற்று வெளியேறுகிற துவாரம் என் சுண்டுவிரல் நகம் அளவு. சிரிப்பு வந்தது.

உடனே ஒரு வீடியோ போட்டேன். "கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிஞ்சுக்காதீங்க மக்களே. இது சூடாகலன்னா நான் இந்தச் சேனலை மூடிட்டு, வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிக்கிறேன்" என்றேன். அவளுடைய வீடியோக்களில் தெருச் சத்தம் கேட்கிறது, ஹாரனுக்கு நடுவில் விஞ்ஞானம் பேசுகிறாள் என்றும் கிண்டல் செய்தேன். ஜனங்கள் ரசித்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பணம் வருவது நின்றுபோனது. குறித்த தேதிக்குள் குறித்த தொகை சேராவிட்டால் வந்ததெல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும். அது அந்த வியாபாரத்தின் விதி. அவளுடைய கருவி ஒரே ஒரு பீஸோடு நின்றுவிடும்.

அந்த ஒரே பீஸைத்தான் துணிப்பையில் போட்டு என் கடைக்கு எடுத்து வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, வேலை செய்யறது இது ஒண்ணுதான். நீங்களே வச்சுக்கிட்டு ஓட்டிப் பாருங்க."

"நான் உடைச்சுட்டா என்ன பண்ணுவ?"

"நீங்க உடைக்க மாட்டீங்க. உங்க வீடியோவைப் பார்த்துத்தானே நான் போர்டைத் திறக்கவே கத்துக்கிட்டேன்." சிரித்தாள். "திட்டறதா இருந்தாலும் பார்த்துட்டுத் திட்டுங்கண்ணா. ஞாயித்துக்கிழமையோட கெடு முடியுது. அதுக்குள்ள ஒரு வார்த்தை."

பார்த்தேன். இருப்பதிலேயே பாரமான கேமைப் போட்டு ஒரு மதியம் முழுக்க ஓட்டினேன். என் மனைவியின் தம்பிதான் எனக்குக் கேமரா பிடிப்பவன். கருவியின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"மாமா, இது சூடே ஆகல. எங்கக்கா கோவப்பட்டா ஆகற சூட்டுல பாதி கூட இல்ல."

"வாயை மூடிக்கிட்டு கேமராவைப் பிடிடா."

"பிடிக்கிறேன். எதைப் பிடிக்கிறதுன்னு சொல்லுங்க. இல்ல, போய் வெங்காயம் வாங்கிட்டு வந்துடவா?"

அவனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டுக் கருவியைத் திறந்தேன். அவனுக்கு இதில் பங்கில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சூட்டை ஒரு துவாரத்தின் வழியே துப்பாமல், உலோக முதுகு முழுக்கப் பரவ விட்டிருந்தாள். சிலருக்குக் கையெழுத்து அழகாக இருக்குமே, அது மாதிரி இருந்தது போர்டு. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை.

பொறாமை என்று எழுத வேண்டாம். நான் அப்போது யோசித்தது வேறு. ஒரு பீஸ் ஒழுங்காக ஓடுவதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. நாளைக்கு ஆயிரக்கணக்கில் செய்யும்போது மட்டமான சாமான் போடுவார்கள், அப்போது சூடாகத்தான் போகிறது. எப்படியும் வரப்போகிற சூட்டை நான் கொஞ்சம் முன்னாலேயே காட்டினால் ஜனங்களுக்கு நல்லதுதானே. அந்த நிமிஷத்தில் இது எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டது.

பேட்டரியை ஒட்டிக் கடுகளவில் ஒரு சென்சார் இருக்கும். பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்வது அதன் வேலை. சூடு ஏறினால் போர்டு வேகத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். சென்சாரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாதாரண ரெசிஸ்டரை வைத்தால், போர்டுக்கு எப்போதும் ஒரே பதில்தான் போகும். முப்பத்தொரு டிகிரி, சுகமாக இருக்கிறேன். வீடே பற்றி எரிந்தாலும் முப்பத்தொன்று. அதைச் செய்தேன். சூடு முதுகுக்குப் போகாமல் இருக்க நடுவில் ஒரு தடித்த டேப்பையும் ஒட்டினேன்.

மச்சான் டீயோடு வந்தான். மறுபடி ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் வாடை வந்தது. கருவியைக் கையில் வாங்கியவன் "ஐயோ" என்று மேஜையில் போட்டான். அது நடிப்பில்லை. அதனால்தான் அந்த இடத்தை ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

வீடியோ வெளியான மறுநாளே அவள் கூப்பிட்டாள். சனிக்கிழமை வருவதாகப் பேச்சு. முன்கூட்டியே வந்து எடுத்துக்கொள்கிறேன், பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன் என்றாள். டேப்பை உரித்தேன். ரெசிஸ்டரை எடுத்தேன். பழைய சென்சாரைத் தேடினேன். மேஜையில் இல்லை, தரையில் இல்லை. பெருக்குகிற அம்மா காலையிலேயே வந்துபோயிருந்தார்.

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கலாம் மேடம். சென்சார் இல்லாவிட்டால் கருவி ஆன் ஆகவே ஆகாது, சார்ஜும் ஏறாது. யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு மட்டும்தான் ஆகியிருக்கும். ரெசிஸ்டரையே மறுபடி வைத்து ஊதினேன்.

வந்தவள் நின்றுகொண்டே கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள திறந்து பார்த்தீங்களாண்ணா?"

"பார்த்தேன். ரொம்ப அழகா பண்ணியிருக்கம்மா."

"அப்புறம் எப்படிண்ணா சூடாச்சு?"

"அதான் எனக்கும் தெரியல."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "எங்கேயோ நான்தான் தப்பு விட்டிருக்கேன். கண்டுபிடிச்சுடறேன்" என்றாள். கிளம்பும்போது தாங்க்ஸ் சொன்னாள்.

சனிக்கிழமை மாலை நேரலையில் எல்லோருக்கும் முன்னால் ஓட்டிக் காட்டப்போவதாக அறிவித்தாள். நான் போய்ப் பார்த்தேன். 'சற்று நேரத்தில் தொடங்கும்' என்ற வரி மட்டும் திரையில் நின்றது. நிறையப் பேர் காத்திருந்தார்கள். ஒருவர், சல்லடை வந்திருக்கிறாரா என்று கேட்டார். 'காத்திருக்கிறேன்' என்று எழுதினேன். வரி அப்படியே நின்றது. பயந்து ஓடிவிட்டாள் என்று சிலர் எழுதினார்கள். நான் மறுக்கவில்லை.

தெருச் சத்தம் கேட்கக் கூடாது என்று அவள் ஜன்னல்களை அடைத்துச் சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தாள். அது பற்றினால் வருவது புகை இல்லை, விஷம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவளுடைய அப்பா லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். சில நாள் கழித்து இரண்டு உள்ளங்கையிலும் கட்டோடு படியேறி வந்தார். அவள் அறையைத் திறக்கப் போனபோது கதவுத் தாழ்ப்பாள் பழுக்கக் காய்ந்திருந்ததாம். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தம்பி, நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. என் பொண்ணுதான் கேக்கல. நான் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க."

"இனிமே எந்தப் புள்ளையும் இப்படிப் பண்ணக் கூடாதுன்னு ஒரு வீடியோ போடுங்க தம்பி. நீங்க சொன்னா கேப்பாங்க."

கட்டுப் போட்ட கையைக் கூப்பினார். நான் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டேன். வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. அவர் கேட்டபடி வீடியோவும் போட்டேன். என் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். அதற்குப் பிறகு சாலிடர் புகை மூக்கில் பட்டால் பழக்கடை வரை இறங்கிப் போய் நின்றுவிட்டு வருவேன்.

எரிந்த போர்டில் சென்சாருக்குப் பதில் ரெசிஸ்டர் இருப்பதை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். சூட்டை மறைக்க அந்தப் பெண்ணே வைத்திருப்பாள், ஏமாற்றப் போய் மாட்டிக்கொண்டாள் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். அதை அவள் அப்பாவிடமும் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். செத்துப்போன பெண்ணின் மேல் அந்தப் பழி விழக் கூடாது என்பதற்காகத்தான் இன்று நானாக வந்தேன். எனக்கும் ஒரு மனசாட்சி இருக்கிறது.

என்னதான் இருந்தாலும் அது கவனக்குறைவு என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். கருவி செத்துப்போகும் என்று நினைத்தேன், ஆள் சாகும் என்று நினைக்கவில்லை. மனைவி நம்பினாள். நீங்களும் நம்பிவிடுவீர்கள் போலிருக்கிறது, பேனாவை மூடிவிட்டீர்கள். திறங்கள் மேடம். இன்னும் ஒன்று இருக்கிறது. போர்டில் அது கிடைக்காது.

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் எனக்குப் போன் செய்தது உங்களுக்குத் தெரியும். வாழ்த்துச் சொன்னேன் என்றேன். சொல்லவில்லை.

"அண்ணா, ஒரே குழப்பமா இருக்கு" என்றாள். "ஓட்டிப் பார்த்துத்தான் தப்பைத் தேடறேன், இன்னும் திறக்கல. ஆன் பண்ணினதும் முப்பத்தொண்ணு காட்டுது. முழு வேகத்துல ஓட்டினாலும் முப்பத்தொண்ணு. அசைய மாட்டேங்குது. பின்மூடி வேற லேசா உப்பின மாதிரி இருக்கு. நேரலையைத் தள்ளி வச்சுட்டுத் திறந்து பார்த்துடவா?"

நான் படம் பிடித்த அன்றே அந்தப் பேட்டரி உப்பிவிட்டது. அதனால்தான் மூடி உட்காரவில்லை. என் கடைக்கு உப்பிய பேட்டரி வந்தால், தீப்பிடிக்கும் என்று மணல் வாளியில் போட்டு மொட்டை மாடியில் வைப்பேன். யாரையும் பக்கத்தில் நிற்க விடமாட்டேன், மச்சானைக் கூட. ஆனால் அவள் திறந்தால் ரெசிஸ்டர் கண்ணில் பட்டுவிடும்.

"இப்பத் திறந்தா நீயே எதையோ மாத்திட்டேன்னுதான் சொல்வாங்க" என்றேன். "மூடி என்கிட்ட இருந்தப்பவே அப்படித்தாம்மா இருந்துச்சு. ஒண்ணும் ஆகாது. சார்ஜ்ல போடு."

"சரிண்ணா. நீங்க சொன்னாச் சரி."

சார்ஜரைச் சொருகியதும் அந்தக் கருவி சின்னதாக ஒரு சத்தம் கொடுக்கும். அது கேட்கிற வரைக்கும் நான் போனை வைக்கவில்லை.