டர்போ துளசிங்கம்

எனக்கு டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, வரும்போதே குடித்துவிட்டேன். நிதானமாகவே சொல்கிறேன்.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்கு எதிர்ச்சந்தில் என் பட்டறை. படகு எஞ்சினுக்கு டர்போ பூட்டுவதை இங்கே கொண்டுவந்தவன் நான்தான். எஞ்சினிலிருந்து வீணாகப் போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுற்றில் எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்று இறங்கும். குடிக்கிற டீசலுக்கு இழுப்பு அதிகம். அதற்கேற்ற பெரிய புரொப்பெல்லரும் போட்டுக் கொடுப்பேன். நடுக்கடலில் நான் சொன்னபடியே ஓடும். அதில் யாரையும் ஏமாற்றவில்லை.

சிக்கல், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில்தான். அங்கே எங்கள் ஆட்கள் எஞ்சினைத் தணித்துவிட்டு அலையை எண்ணுவார்கள். பெரிய அலை மூன்று போனதும் ஒரே முறுக்கு. அடுத்தது எழுவதற்குள் வெளியே போய்விட வேண்டும். தணித்த எஞ்சினில் டர்போ உடனே பிடிக்காது. நாலைந்து விநாடி ஆகும். அதுவரை அந்தப் பெரிய புரொப்பெல்லரைச் சுற்ற முடியாமல் எஞ்சின் திணறும்; பழைய இழுப்புகூட இருக்காது.

இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் பூட்டிக்கொள்வார்கள்? டர்போ கொண்டுவந்ததுமே ஊரே என்னை டர்போ துளசிங்கம் என்று கூப்பிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

தன் படகுக்கு டர்போ பூட்டும்போது பச்சைமுத்து மாமா கேட்கத்தான் கேட்டார். "இன்னாடா, மொகத்துவாரத்துல எதுனா பாத்து ஓட்டணுமா?"

"ஒண்ணியும் இல்ல மாமா. எப்பவும் போல ஓட்டு."

எப்பவும் போலத்தான் ஓட்டினார். மூன்று அலை எண்ணி முறுக்கினார். படகு நின்ற இடத்திலேயே இருமியது. அடுத்த அலை அதைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்தது. மறுநாள்தான் உடல் கிடைத்தது.

பஞ்சாயத்தில் விசாரித்தபோது, மாமா குடித்திருந்தார் என்றேன். அவர் மனைவி முனியம்மா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அவுரு அத்தத் தொட்டதே இல்லன்னு ஒனக்குத் தெரியாதா துளசி?"

அன்றிலிருந்து அவர்கள் தெருவில் நடக்கவே கூசுகிறது.

ஆனாலும் அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அலை எப்போது எழும் என்று யாருக்குத் தெரியும்?

டர்போ பிடிக்கத் தாமதமாகும் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். முதலில் என் தம்பி பூபதி படகில்தான் பூட்டினேன். முகத்துவாரத்தில் மயிரிழையில் தப்பி வந்து, முறுக்கியதும் எஞ்சின் திணறியதைச் சொன்னான். அன்று மாலையே கழற்றிவிட்டேன். மறுநாள் அதையேதான் துடைத்துப் பச்சைமுத்து மாமா படகில் பூட்டினேன்.

எனக்கு இருப்பது ஒரே தம்பி ஐயா.