எட்டுச் சுற்று முடியும்வரை

இருபத்தெட்டு ஆட்டம் தெரியாதவனுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, மணியக்காரரய்யா. முதல் ஆட்டத்தை நாலு கைச் சீட்டையும் மல்லாக்க விரித்து வைத்து ஆடிக் காட்ட வேண்டும். எதை ஏன் போட்டோம் என்று ஒவ்வொரு சீட்டுக்கும் நின்று சொல்ல வேண்டும். அதற்குப் பொறுமை தேவை. எனக்கு அது உண்டு.

அன்றைக்கு மத்தியானம் என் மைத்துனன் திருப்பதிக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். காலமான என் மனைவியின் தம்பி. கொழும்பில் கடை வேலையில் இருந்தவன், யுத்தத்தால் கப்பல் எப்போது நிற்குமோ என்று பயந்து மூன்று வருஷம் கழித்து வந்திருந்தான். என் மகள் செவந்தி அவனுக்கென்று சொல்லி வைத்த பெண். அவள் கண்மாய்க்கு அந்தப் பக்கத்து வேதக்காரப் பையன் சவரிமுத்துவோடு போய் மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். அன்றே அவளைத் தலைமுழுகிவிட்டேன். திருப்பதி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பிள்ளை. அதனால்தான் எனக்குக் கூசியது. பேச வேறொன்றும் இல்லாமல் சீட்டை எடுத்தேன்.

வேப்பமரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்தோம். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று சொன்னேன். ராஜாவுக்கு ஒன்றுமே கிடையாதா என்று சிரித்தான். கிடையாது என்றேன். துருப்புச் சீட்டை மட்டும் கவிழ்த்து வைத்துவிட்டு, நாலு பேர் சீட்டையும் நாங்கள் இரண்டு பேருமே இறக்கினோம். எட்டுச் சுற்று.

மூன்றாவது சுற்றில் சவரிமுத்து படலுக்கு வெளியே வந்து நின்றான். ஓடி வந்திருந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. திருப்பதி அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சீட்டைப் பார்த்தேன்.

பாம்புக்கடிக்கு நான் மந்திரப் பாடம் போட்டு மருந்து கொடுக்கிற முறை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறேன். சேதி கொண்டு வருகிறவன் வாய் திறக்கக் கூடாது. வைத்தியன் பார்த்து, ‘என்ன?’ என்று கேட்ட பிறகுதான் சொல்லலாம். முந்திக்கொண்டு சொன்னால் பாடம் பலிக்காது, வைத்தியன் போகவும் கூடாது. என் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். வந்தவனை நிற்கவைக்கிற வழக்கம் மட்டும் எங்களுக்குக் கிடையாது. சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டுக் கேட்டுவிடுவேன்.

நான் கேட்கவில்லை.

நாலாவது சுற்றில், நிஜ ஆட்டத்தில் சீட்டு மறைந்திருக்கும்போது எதிராளி கையில் இன்னும் எத்தனை இஸ்பேட் இருக்கும் என்று கணக்குப் போடுவது எப்படி எனச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவதில் ஆட்டின் இறங்கியிருக்க, கையில் ஆட்டின் இருந்தும் திருப்பதி கிளாவரைப் போட்டான். எடுக்கச் சொல்லி, அந்தச் சுற்றை முதலிலிருந்து ஆடவைத்தேன். சவரிமுத்து படலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாய் திறக்கவில்லை. வேதக்காரனுக்கு எங்கள் வழக்கம் என்ன கட்டுப்பாடு, சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் வழக்கத்தைக் காட்டிப் போகாமலே இருந்திருப்பேன். அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஏழாவது சுற்றில் திருப்பதி திரும்பிப் பார்த்துவிட்டான். அவனுக்குச் சவரிமுத்துவை முன்னே பின்னே தெரியாது.

“யாரு மச்சான் அது? அழுகுற மாதிரி இருக்கே.”

“இன்னும் ஒரு சுத்துதான் மாப்பிளை. போடு.”

அவன் போட்டான். புள்ளிகளை எண்ணிச் சொன்னேன். சீட்டைச் சேர்த்துக் கட்டினேன். அப்புறம்தான் நிமிர்ந்து, என்ன என்று கேட்டேன்.

“செவந்தியக் கடிச்சிருச்சு மாமா. கடலைக் காட்டுல. நல்ல பாம்பு.”

திருப்பதி எழுந்த வேகத்தில் பாய் புரண்டது. அவனும் சவரிமுத்துவும் ஓடினார்கள். நான் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவர்கள் தெருவில் பிறகு சொன்னார்கள். வண்டி கட்டிப் புதுக்கோட்டைப் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக எல்லாரும் தயாராக இருந்தார்களாம். இவள்தான் மாட்டேன் என்றாளாம். எங்கப்பா கை பட்டால் போதும் என்றாளாம். புருஷனை அனுப்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கப்பா கேக்காம வாயத் தொறந்துராதீங்க, கேட்டுருவாக” என்றாளாம். அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டுதான் அவன் அங்கே நின்றான். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா.

சாவுக் கணக்கு எழுத நீங்கள் விசாரித்தபோது, கடிபட்டது யாரென்று தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டேன் என்று சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். வேறு யாருக்காகவும் அவன் என் வாசலை மிதிக்கமாட்டான். கண்ட உடனே தெரிந்துவிட்டது. சாகட்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நான் போனபோது உயிர் இருந்தது. கண் இமை தொங்கிவிட்டது, நாக்குக் குழறியது. அப்படியும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மருந்தை வாயில் ஊற்றினேன், கடைவாயில் வழிந்துவிட்டது. சுற்றி நின்றவர்களிடம் எனக்காகப் பேசினாள்.

“அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க. ஓடித்தான் வந்திருப்பாக. வயசாயிருச்சுல்ல.”

“ஆமா ஆத்தா, ஓடித்தான் வந்தேன்” என்றேன்.

அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி தளர்ந்தபோது சவரிமுத்து என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். பொய்யாக அழவில்லை.

பாம்பு கடித்துச் சாவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதுங்கள், ஆண்டிச்சாமி என்று. இன்னும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் இரண்டு பேரும் ஓடினார்கள். நான் நடந்துதான் போனேன்.