நானூத்திப் பதிமூணாவது கையெழுத்து

சளசளன்னு தண்ணி தகரத்துல அடிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது, நீங்க என்னடான்னா கேட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு வீட்டுல யாரும் இல்லைங்கிறீங்க. அப்போ இப்ப பேசுறது யாரு சார், குழாயா? பொய் சொல்றதுக்கு முன்னாடி குழாயை மூடணும். பதினாலு மாசமா வீடு வீடா ஏறி எறங்குனவன் சொல்றேன், கேட்டுக்குங்க.

பயப்படாதீங்க. விக்க வரலை, வசூலுக்கு வரலை, ஓட்டுக் கேக்கவும் வரலை. உங்க காரைப் பத்தி ஒரு சேதி. இதே காருதான், பாதி நுரையோட நிக்குதே, இது. நீங்க பாட்டுக்குக் கழுவுங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

ஸ்டியரிங்குக்குள்ள ஒரு காத்துப் பை மடிச்சு வச்சிருக்கான் இல்லையா? எதுலயாவது மோதினா பட்டுனு விரிஞ்சு முகத்தைத் தாங்கணும். அதை விரிய வைக்கிறது ஒரு சின்ன இரும்பு டப்பா, உள்ள கொஞ்சம் வெடிமருந்து. இந்த மாடல்ல அந்த மருந்து நாள்பட நாள்படக் கெட்டுப்போகுது. விரியற நேரத்துல டப்பாவே ஒடைஞ்சு, துண்டு துண்டா ஓட்டுறவங்க மேல பாயும். காவலுக்கு வச்ச நாயே கடிச்ச கதை. கம்பெனிக்காரனே தப்பை ஒத்துக்கிட்டு, வண்டியைக் கொண்டு வாங்க, சும்மாவே மாத்தித் தர்றேங்கிறான்.

பாத்தீங்களா, சும்மான்னதும் கை பர்ஸைத் தடவுது! எல்லாரும் அப்படித்தான் சார். பணம் கேட்டா நம்புறாங்க, இலவசம்னா கதவைச் சாத்துறாங்க.

கடுதாசி போட்டிருக்கலாமேங்கிறீங்களா? போடாம இருப்பாங்களா? முதல்ல கம்பெனி போட்டுச்சு. வழவழன்னு கலர் கவரு, மேல சிரிச்ச முகமா ஒரு குடும்பப் படம் வேற. ஊரே விளம்பரம்னு கிழிச்சுப் போட்டுச்சு. அப்புறம் அரசாங்கம் யோசிச்சுது. ஜனங்க உயிராச்சேன்னு இதுக்குன்னே தனியா பணம் ஒதுக்கி, பழுப்புக் கவர், முத்திரை, சிவப்புக் கோடுன்னு தடபுடலா அனுப்பிச்சாங்க. வரி நோட்டீஸாக்கும்னு ஒருத்தரும் வாங்கலை. தபால்காரரைப் பாத்ததும் பின்வாசல் வழியா ஓடின பல் டாக்டர் ஒருத்தரை எனக்குத் தெரியும். அத்தனை கவரும் மூட்டை மூட்டையாத் திரும்பி வந்துச்சு. அப்பதான் ஒரு அதிகாரியம்மா சொன்னாங்களாம், கவருக்குக் கால் முளைச்சாத்தான் இது நடக்கும்னு. மிச்சப் பணத்துல கால் வாடகைக்கு எடுத்தாங்க. அதுல ரெண்டு கால் என்னோடது.

என் பங்குக்கு நானூத்திப் பதிமூணு பேரு. நேர்ல பாத்து, விளக்கிச் சொல்லி, சேதி கிடைச்சுதுன்னு கையெழுத்து வாங்கணும். லேசுன்னு நெனைக்காதீங்க. கம்பெனி புத்தகத்துல இருக்குறது முதன்முதல்ல புதுசா வாங்குனவங்க பேரு மட்டும்தான். அவர் வித்திருப்பாரு. வாங்குனவரு மச்சானுக்குத் தள்ளிவிட்டிருப்பாரு. வண்டி நாலு கை மாறினாலும் கடுதாசி பாட்டுக்கு முதல் கைக்கே போய்க்கிட்டு இருக்கும். உங்களுக்கு ஏன் வரலைன்னு இப்ப புரியுதா?

ஒரு தையல்கார அக்கா, வந்த கவரை எல்லாம் வெட்டி சட்டைக்கு அளவு மாதிரி எடுத்து வச்சிருந்தாங்க. கழுத்துப் பக்கம் எச்சரிக்கை, கைப் பக்கம் போன் நம்பர். நான் விட்டேனா? ஏங்க்கா, உயிர் காக்குற சேதியை இப்படிக் கழுத்தோட வெட்டிட்டீங்களேன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. மறுநாளே டப்பாவை மாத்த வண்டியைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க. கேலி பண்ணாத்தான் சார் மனுஷங்க காது குடுக்குறாங்க. அதட்டினா கதவைச் சாத்துறாங்க, கெஞ்சினா நாயை அவுத்து விடுறாங்க.

நாலு வருஷமா ஓட்டுறீங்க, ஒண்ணும் ஆகலைதான். குடை ஓட்டைன்னு வெயில் காலத்துல யாருக்குத் தெரியுது? மோதாத வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. மோதமாட்டேன்னு எதிர்ல வர்றவன் எழுதிக் குடுத்திருக்கானா?

ஓ, நாளைக்குப் பயணமா? அதான் இந்தக் குளிப்பாட்டலா! கல்யாணப் பொண்ணு தோத்தா போங்க. எவ்வளவு தூரம்? ஆறு மணி நேரமா. நீங்களா ஓட்டுவீங்க? வீட்டம்மாவா? நெனச்சேன், உங்களைப் பாத்தா பக்கத்து சீட்டுல குறட்டை விட்டுக்கிட்டு வர்ற ஆள் மாதிரிதான் தெரியுது. பின்னாடி சீட்டுல யாரு?

ரெண்டு குழந்தைங்களா.

இல்ல சார், இப்ப கேலி பண்ணலை. வேண்டாம். இந்த வண்டியில வேண்டாம். ஒர்க்ஷாப்புல சாமான் இருந்தா ரெண்டு மணி நேர வேலை, இன்னைக்கே முடிச்சுக் குடுத்துடுவான். இல்லைன்னா பஸ்ல போங்க. பிள்ளைங்களுக்கு ஜன்னல் சீட்டுக் கிடைச்சாப் போதும், சந்தோஷமா வரும்.

கையெழுத்தா? பேனாவை உள்ள வைங்க, அதெல்லாம் வேண்டாம். திட்டம் போன மாசமே முடிஞ்சுபோச்சு, ஒதுக்குன பணமும் தீந்துது. நூத்துக்கு நூறு முடிச்சாச்சுன்னு எல்லாரையும் நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. நானும் ஓரமா நிக்கிறேன், கண்ணை மூடிக்கிட்டு. இன்னைக்குச் சம்பளம் யாரு தருவா? பஸ் டிக்கெட்டே என் காசு.

அப்புறம் எதுக்கு வந்தேனா? சொல்றேன். அந்தப் பின் கதவு சார், இடது பக்கம். இன்னும் லேசாத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கா?

என் பையன் பண்ண வேலை அது. ஆறு வயசுல அதைப் பிடிச்சுத் தொங்கி ஆடினான்.

ஆமா, நான்தான் முதல் கை. கலர் கவரு எனக்குத்தான் வந்துச்சு, வித்து ரெண்டு மாசத்துல. விளம்பரம்னு கிழிச்சுட்டேன்னு சொல்லலாம், யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்க. ஆனா நான் பிரிச்சேன், முழுசாப் படிச்சேன். விஷயம் தெரிஞ்சா வாங்குன டீச்சரு வண்டியைத் திருப்பிக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திடுவாங்களோன்னு பயம். வித்த காசு அதுக்குள்ள வீட்டுச் செலவுல கரைஞ்சுபோச்சு. அலமாரியில துணிக்கு அடியில வச்சேன். பழுப்புக் கவரு வந்தப்ப நானும் பின்வாசல் வழியாத்தான் ஓடினேன்.

அப்படிப்பட்டவனுக்கு இந்த வேலை கிடைச்சுது, பாருங்க. லிஸ்ட்டுல நானூத்திப் பதிமூணாவது பேரு என் பேரு. ஊரையெல்லாம் கேலி பண்ணிட்டு, கடைசி நாள் சாயங்காலம் என் வீட்டுச் சமையல்கட்டுல உக்காந்து, எனக்கு நானே சேதி சொல்லி, நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அதோட நூத்துக்கு நூறு. ஏட்டுல எல்லாம் சரியா இருக்கு, வண்டி மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. போட்டோவை என் சம்சாரம் கூடத்துல மாட்டி வச்சிருக்கா. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டுறா. அதுக்குக் கீழ உக்காந்து சோறு எறங்கலை சார். மூணு வாரமாத் தேடினேன். தரகர்கிட்ட கேட்டு டீச்சரைப் பிடிச்சேன், டீச்சர் உங்க தெருவைச் சொன்னாங்க.

ஏசணும்னா அப்புறம் ஏசுங்க, இங்கதான் இருப்பேன். முதல்ல இந்தக் கம்பெனி ஒர்க்ஷாப் நம்பருக்குப் போன் போடுங்க. எடுத்ததும் பாட்டைப் போட்டுக் காக்க வைப்பான், கோவப்பட்டு வச்சிடாதீங்க. இன்னைக்கே வேணும், நாளைக்குப் பிள்ளைங்களோட போறோம்னு சொல்லுங்க.

பாட்டு வந்துடுச்சா? அது ஓடட்டும். வண்டிக் கூரை மேல நுரை காயுது, வெயில்ல கறை புடிச்சிடும். அந்தத் துணியை இப்படிக் குடுங்க.