ரப்பர் மீனின் மூக்கில் ஊக்கு

ஏரியூரில் பஸ் ஏறியபோது என் முன்சீட்டில் ஒரு கணவன், மனைவி. அவர் கையில் தூண்டில், அவள் மடியில் ஈரப் பை.

"எரையாப் போட்ட அந்த ரப்பர் மீனு தண்ணியில செத்ததாட்டம் கெடந்துச்சுங்க. மூக்குல அம்மாம் பெரிய இரும்பு ஊக்கு மாட்டினா எப்பிடி வாலாட்டும்?" என்றாள் அவள்.

"வெல குடுத்து வாங்கினது. பெரிய மீனு தூண்டி நரம்ப அறுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு மாட்டினேன்."

"அறுக்கவே இல்லீங்களே. மத்தியானம் வரைக்கும் அதுவும் பத்திரமா இருந்துச்சு, ஆத்துல இருந்த மீனும் பத்திரமா இருந்துச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பை துள்ளியது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"அட, விராலு! யாருங்க புடிச்சது?"

"நாங்கதான்" என்றார் அவர், சட்டென்று திரும்பி.

"ஆமாங்க" என்றாள் அவள். "ஊக்கு மாட்டினது இவரு. அதக் கழட்டிப்போட்டு, நரம்புலயே முடிச்சுப் போட்டு வீசினது நானு."